வேலை முடியாத லாட் பண்ணை வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், மெரீன் பார்க்கில் இருக்கும் ஹென்ட்ரிக் லாட் பண்ணை வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாமா, அல்லது மறுசீரமைப்பு வேலை முழுவதும் முடிந்து அருங்காட்சியகமாக ஆன பிறகு போவதே நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி பிரித்துப்போட்ட வீட்டில் பார்க்க என்ன இருக்கப்போகிறது என்ற ஐயமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. பழைய மரவீடுகளின் பாதுகாப்புப் பணியோடு தொடர்புள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதே போங்கள். வேலை முடிந்த வீட்டில் சாயம் பூசிய சுவரும் மெருகேற்றிய தரையும் கயிறு கட்டித் தடுத்த நாற்காலியும்தான் கண்ணில் படும். வேலை நடக்கும் வீட்டிலோ, அது எப்படிக் கட்டப்பட்டது, யார் யார் கைபட்டு மாறியது, எந்த அறையில் யாரைத் தங்கவைத்தார்கள் என்பவை மூடிமறைக்கப்படாமல் கிடக்கும். பூச்சு வேலை முடிந்தால் அவற்றில் பெரும்பகுதி மறுபடியும் சுவருக்குள் போய்விடும். அடுத்த பெரிய பழுதுபார்ப்பு வரும்வரை யாரும் பார்க்க முடியாது.

முதலில் வீட்டைப் பற்றி. ஜோஹானஸ் லாட் என்பவர் 1720 வாக்கில் இங்கே ஒரு சிறிய பண்ணை வீடு கட்டினார். அவருடைய பேரன் ஹென்ட்ரிக் லாட் 1800இல் பெரிய வீடு ஒன்றைக் கட்டியபோது, தாத்தாவின் வீட்டில் ஒரு பகுதியை இடித்துத் தள்ளாமல், புது வீட்டின் கிழக்குச் சிறகாக அப்படியே சேர்த்துக்கொண்டார். நடுவில் பெரிய கட்டடம், இருபுறமும் தாழ்ந்த சிறகுகள் என்ற இன்றைய தோற்றம் அப்படி வந்ததுதான். ஆகவே இதைக் காலனிய வீடு என்று சொல்லும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அமெரிக்கா விடுதலை அடைந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு கட்டப்பட்டது நடு வீடு, காலனிய ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தது கிழக்குச் சிறகு மட்டுமே. அந்தச் சிறகு எழுந்தபோதுகூட ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். இங்கே முதலில் ஆண்ட டச்சுக்காரர்கள் 1664லேயே இந்த ஊரை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆனால் ஆட்சி மாறினாலும் தச்சு முறை மாறவில்லை. புரூக்ளின் அடங்கிய மேற்கு லாங் ஐலண்டின் கிராமங்களில் டச்சு மொழிப் பேச்சும், டச்சுத் திருச்சபையும், டச்சு வழக்கப்படி வீடு கட்டுவதும் 19ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் நீடித்தன. அதனால்தான் விடுதலைக்குப் பின் எழுந்த இந்த வீடும் பார்வைக்கு டச்சு வீடாகவே இருக்கிறது.

வீடு நிற்கும் ஊருக்கு அன்று பிளாட்லாண்ட்ஸ் என்று பெயர். அதற்கு முன் டச்சுக்காரர்கள் நியூ அமெர்ஸ்ஃபோர்ட் என்று அழைத்தார்கள். பெயருக்கேற்ற சமநிலம், தெற்கே ஜமைக்கா விரிகுடா, இடையில் உப்பங்கழிகளும் கால்நடைக்கு வைக்கோலாகும் உப்புப் புல்லும். முதலில் கோதுமையும் பிற தானியங்களும் விளைந்தன. 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் உள்நாட்டுத் தானியம் மலிவாக நியூயார்க்குக்கு வந்து இறங்கத் தொடங்கியதால், பக்கத்து விவசாயிகள் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போன்ற சந்தைக் காய்கறிகளுக்கு மாறினார்கள். இன்று அடுக்கடுக்காக வீடுகள் நிற்கும் புரூக்ளின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டிலேயே மிகுதியாகக் காய்கறி விளைந்த இடங்களில் ஒன்றாக இருந்தது என்றால் நம்பக் கடினமாக இருக்கும். 1896இல் பிளாட்லாண்ட்ஸ் புரூக்ளினோடும், 1898இல் புரூக்ளின் நியூயார்க்கோடும் இணைக்கப்பட்டன. நிலத்தின் விலை ஏறியது. வயல்கள் மனைகளாக வெட்டப்பட்டன. நூற்றுக்கணக்கான ஏக்கரில் இருந்த லாட் பண்ணையில் மிஞ்சியது ஒரு ஏக்கருக்கும் குறைந்த நிலம்தான். ஆனாலும் வீட்டில் குடும்பத்தார் தொடர்ந்து வாழ்ந்தார்கள்; கடைசியாக இருந்த வாரிசு 1989இல் மறைந்தார். அதே ஆண்டில் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வீடு அறிவிக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்த பிறகு, 2000களின் தொடக்கத்தில் நகர நிர்வாகம் அதை வாங்கியது.

ஒரே குடும்பம் கட்டியது முதல் கைவிட்டது வரை வாழ்ந்தது என்பது கேட்பதற்கு ஒரு குடும்பப் பெருமை போலத் தோன்றலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அதன் பொருள் வேறு. வீடு கைமாறும் ஒவ்வொரு முறையும் புது உரிமையாளர் தன் விருப்பப்படி சிலவற்றைப் பிடுங்கிப் போடுவார். கைமாறாத வீட்டில் பழையவற்றின்மேலேயே புதியவை ஏறிக்கொண்டு போகும். கீழே உள்ளவை பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

உள்ளே நுழையுமுன் வாசலில் நின்று கூரையை நன்றாகப் பாருங்கள். முகட்டிலிருந்து மெல்லிய சரிவில் இறங்கும் கூரை, பாதியில் மடிந்து செங்குத்தாகிறது. அடியில் மீண்டும் சற்றே வளைந்து சுவரைத் தாண்டி வெளியே நீள்கிறது. இந்த இருமடிப்புக் கூரையால் மாடியில் நிமிர்ந்து நடக்க இடம் கிடைக்கிறது. வெளியே நீண்ட விளிம்பு மழைநீரைச் சுவருக்கும் அடித்தளத்துக்கும் எட்டாமல் தள்ளி விடுகிறது. அதன் நிழலில் தூண்கள் வரிசையிட்ட தாழ்வாரம் நம் ஊர்த் திண்ணையின் வேலையைச் செய்கிறது. இரண்டு சிறகுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டும் ஒன்றுபோல் இருக்க முயல்வதும், முழுவதும் ஒன்றாகாமல் போவதும் தெரியும். ஒன்று ஏற்கெனவே இருந்தது, மற்றது அதற்கு இணையாகப் பிறகு கட்டப்பட்டது என்பதே காரணம்.

உள்ளே பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது மரச்சட்டகம். டச்சுத் தச்சர்கள் வீடு கட்டிய முறை ஆங்கிலத் தச்சர்களின் முறையிலிருந்து வேறுபட்டது. ஆங்கில வீட்டில் நாற்புறமும் சட்டம் கோத்து ஒரு பெட்டிபோல் நிறுத்திவிட்டு, நடுவில் ஒரு பெரிய விட்டத்தைப் போட்டு, அதில் சிறு விட்டங்களைச் செருகுவார்கள். டச்சு முறையில் எதிரெதிரே இரண்டு தூண்கள், அவற்றின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே அவற்றை இணைக்கும் கனத்த உத்திரம் ஒன்று என, எச் என்ற எழுத்தின் வடிவில் ஒரு சட்டம் செய்வார்கள். இப்படிப்பட்ட சட்டங்களைச் சில அடி இடைவெளியில் வரிசையாக நிறுத்தினால் அதுவே வீட்டின் உடம்பு. தூண் உத்திரத்தைத் தாண்டி மேலே நீள்வதால், மாடியில் கூரை தொடங்குமுன் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கிடைக்கிறது. தானியம் சேமிக்க அது வசதி. இந்த உத்திரங்களை அவர்கள் மறைக்கவில்லை. அடிப்பக்கம் இழைத்து வழவழப்பாக்கி, கூடத்தின் மேற்கூரையில் எல்லாரும் பார்க்கும்படி விட்டார்கள். பிற்காலத்தில் நாகரிகம் மாறியபோது பல டச்சு வீடுகளில் உத்திரங்களுக்குக் கீழே பலகையடித்துச் சாந்து பூசி மறைத்தார்கள். பழுதுபார்க்க அந்தச் சாந்தைப் பெயர்க்கும்போது அடியில் இழைப்புளியின் வேலை அப்படியே வெளிவந்தால், அந்த மரம் கண்ணில் படவேண்டும் என்றுதான் முதலில் வைக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

திறந்துகிடக்கும் தூணும் உத்திரமும் சேரும் இடத்துக்கு அருகே போய்ப் பாருங்கள். உத்திரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, தூணில் தோண்டிய துளைக்குள் செலுத்தி, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள், இரும்பு கிடையாது. மூட்டுக்குப் பக்கத்தில் உளியால் கீறிய ரோம எண்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். தச்சர்கள் எல்லாச் சட்டங்களையும் தரையில் கிடத்திப் பொருத்தி, எண் இட்டு, பிரித்தெடுத்து, பிறகு ஊரார் கூடித் தூக்கி நிறுத்துவது அந்நாள் வழக்கம். மூன்று என்று கீறிய கழுந்து மூன்று என்று கீறிய துளையில்தான் சரியாக உட்காரும். எண்களின் வரிசை இடையில் குலைந்திருந்தால் அந்த இடத்தில் யாரோ பின்னாளில் எதையோ பிரித்து மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். தாத்தா வீட்டின் ஒரு பகுதியை எடுத்துப் புது வீட்டோடு சேர்த்த இந்தக் கட்டடத்தில் அப்படித் தேடுவது வீண்போகாது.

கையில் ஒரு சிறு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். மரத்தின்மேல் நேராக அடிக்காமல், மரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் ஒளி படும்படி பிடித்தால், பகல் வெளிச்சத்தில் தெரியாத வடுக்கள் எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். கோடரியால் சதுரமாக்கிய மரத்தில் அகன்ற, ஆழம் குறைந்த வெட்டுகள் இருக்கும். ஆறோ கடலோதமோ ஓட்டிய ஆலையில், மேலும் கீழும் அசையும் வாளால் அறுத்த பலகையில் நெருக்கமான நேர்கோடுகள் ஒரே சீராக ஓடும். வட்ட வாள் அறுத்த பலகையில் கோடுகள் வில்லாக வளையும். வட்ட வாள் இந்தப் பகுதிகளில் பரவலானது 1830, 1840களுக்குப் பிறகுதான். ஆகவே 1720இன் சிறகு என்று சொல்லப்படும் அறையில் வளைகோடு உள்ள தரைப்பலகை கிடந்தால், அந்தப் பலகை கொள்ளுப்பேரன் காலத்தில் வந்தது என்று வழிகாட்டியைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

ஆணிகளும் இதே கதையைச் சொல்லும். கொல்லர் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பி, தலையில் சுத்தியல் பட்ட முகங்களோடு இருக்கும். ஒன்றுபோல் மற்றொன்று இராது. இரும்புத் தகட்டிலிருந்து எந்திரம் வெட்டிய ஆணி 1790களில் தொடங்கிப் பரவியது. அது இரண்டு பக்கம் மட்டும் கூம்பும். இன்று நாம் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி 1880, 1890களில்தான் மற்றவற்றை விரட்டியது. 1800 என்பது முதல் இரண்டும் ஒரே தச்சரின் பையில் கிடந்திருக்கக்கூடிய ஆண்டு. பெயர்த்தெடுத்த ஆணிகளைத் தூக்கியெறியாமல், எடுத்த இடத்தைக் குறித்து வைப்பது நல்ல பழுதுபார்ப்பின் வழக்கம். இந்த வீட்டில் அப்படிச் சேர்த்தவை காட்சிக்கு இருக்கின்றனவா என்று கேளுங்கள்; பிள்ளைகளுக்கு வரலாற்றைக் கையில் கொடுப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

சுவரின் உள்ளே தூண்களுக்கு நடுவில் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைத்திருப்பதும், சில இடங்களில் சுடாத அல்லது அரைகுறையாகச் சுட்ட செங்கல் அடுக்கியிருப்பதும் டச்சு வீடுகளில் காணக்கூடியவை. அதன்மேல் மரப்பட்டிகள் அடித்து, சுண்ணாம்புச் சாந்தில் கால்நடை மயிர் கலந்து பூசினார்கள். மயிர், காய்ந்த சாந்து வெடித்து உதிராமல் பிடித்துக்கொள்ளும். விரிகுடாவில் சிப்பி மலிந்திருந்த இப்பகுதியில் சுண்ணாம்புக்குச் சிப்பியோட்டையே சுட்டார்கள். சாந்து உடைந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் முழுவதும் வேகாத ஓட்டுத் துணுக்கு வெள்ளையாகப் பதிந்திருக்கக்கூடும். இங்கே ஒரு சிறு எச்சரிக்கையையும் சொல்லிவைக்கிறேன், பழைய வீடு வைத்திருக்கும் எவருக்கும் இது உதவும்: சுண்ணாம்பு வீட்டைச் சிமெண்டால் பழுதுபார்க்கக் கூடாது. சிமெண்ட் சுவருக்குள் போன ஈரத்தை வெளியேற விடாது. ஈரம் பக்கத்தில் இருக்கும் மென்மையான செங்கலையும் மரத்தையும் தின்னும். 20ஆம் நூற்றாண்டில் நல்ல எண்ணத்தோடு பூசிய சிமெண்டை இன்று பணம் செலவழித்து உளியால் பெயர்த்துக்கொண்டிருக்கும் பழைய வீடுகள் பல.

இனிச் சொல்லப்போவதுதான் நான் உங்களை இப்போதே போகச் சொல்வதற்கு முதன்மைக் காரணம்.

1790இல் நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, புரூக்ளின் உள்ளிட்ட கிங்ஸ் கவுன்டி என்ற மாவட்டத்தில் வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அடிமை. அடிமைமுறை என்றதும் தெற்கு மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களையே நினைக்கிறோம். இந்த டச்சுப் பண்ணைகளும் கறுப்பின அடிமைகளின் உழைப்பில்தான் நடந்தன. லாட் குடும்பமும் அவர்களை வைத்திருந்தது. நியூயார்க் மாநிலம் 1799இல் இயற்றிய சட்டம் அடிமைமுறையை ஒரேயடியாக ஒழிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதிக்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர்கள் என்று சொல்லிவிட்டு, ஆண் 28 வயதுவரையும் பெண் 25 வயதுவரையும் தாயின் எசமானுக்கே உழைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. முழு விடுதலை 1827 ஜூலை 4இல்தான் வந்தது. லாட் குடும்பத்தார் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தங்களிடம் இருந்தவர்களை விடுவித்ததாகத் தெரிகிறது. ஆகவே 1800இல் எழுந்த இந்தப் பெரிய வீடு, சட்டம் வந்து விடுதலை வராத அந்த இடைக்காலத்தில் கட்டப்பட்டது.

1990களின் இறுதியில் புரூக்ளின் கல்லூரியின் தொல்லியலாளர்கள் வீட்டிலும் தோட்டத்திலும் ஆய்வு செய்தார்கள். மண்ணுக்கு அடியில் தனிச் சமையற்கட்டு ஒன்றின் கல் அடித்தளம் கிடைத்தது. அதைவிட முக்கியமானது வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. சமையற்பகுதியின் மேற்கூரையில் உள்ள ஒரு திறப்பின் வழியாக ஏறிப் போகவேண்டிய, சன்னமான பரண் அறைகள் இருந்தன. அவற்றின் தரைப்பலகைகளுக்கு அடியில், வேண்டுமென்றே அடுக்கி வைத்ததுபோல் சோளக் கதிர்த்தண்டுகள், கயிற்றால் கட்டிய துணிப்பை, சிப்பியோடு, ஆட்டின் இடுப்பெலும்பில் ஒரு பாதி ஆகியவை கிடைத்தன. எலி இழுத்துவந்து போட்ட குப்பை என்று ஒதுக்கிவிட முடியாதபடி, கதிர்த்தண்டுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓர் உருவம் தோன்ற வைக்கப்பட்டிருந்தன என்பதே ஆய்வாளர்களின் கருத்து. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மக்களின் வழிபாட்டு மரபுகளில் உலகத்தின் வடிவாகக் கருதப்படும் சிலுவை உருவத்தோடு அதை ஒப்பிட்டார்கள். அங்கே தங்கவைக்கப்பட்ட அடிமைகள் எசமானுக்குத் தெரியாமல், தங்கள் காலடியிலேயே தங்கள் சமயத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பதுதான் அவர்கள் எட்டிய முடிவு.

இத்தகைய முடிவுகளை நான் எளிதில் நம்பிவிடுபவன் அல்லன்; ஒரு பொருளை வைத்தவர் என்ன நினைத்து வைத்தார் என்பதை எலும்பும் தண்டும் வாய்திறந்து சொல்வதில்லை. ஆயினும் அமெரிக்காவில் அடிமைகள் வாழ்ந்த வேறு வீடுகளிலும் தரைக்கடியிலும் வாயிலோரத்திலும் இவ்வாறு சேர்த்துவைத்த பொருள்கள் கிடைத்திருப்பதால், இந்த விளக்கம் தனித்து நிற்கும் ஊகம் இல்லை. விளக்கம் எதுவானாலும், அந்தப் பரணுக்குப் போகும் திறப்பையும், நிமிர முடியாத அந்த உயரத்தையும் நேரில் பார்ப்பது வேறு அனுபவம். கீழே இழைத்த உத்திரங்களோடு விரிந்த கூடம்; சில அடி மேலே, அதே கூரைக்கு அடியில், இரவில் மனிதர்கள் படுத்த பொந்து. பாதுகாப்புக் காரணத்துக்காக உங்களைப் பரணுக்குள் ஏறவிடாமல் போகலாம். கீழிருந்து அண்ணாந்து பார்க்க முடிந்தாலே போதும்.

இதே வீட்டின் மாடியில், ஓர் அலமாரிக்குப் பின்னால் மறைவாக இருக்கும் சிற்றறை ஒன்றைப் பற்றியும் சொல்வார்கள். தெற்கிலிருந்து தப்பிவந்த அடிமைகளை வடக்கே அனுப்பிய இரகசிய வழித்தடத்தில் இந்த வீடும் ஒரு நிறுத்தம், அவர்களை ஒளித்துவைத்த இடம் இது என்பது குடும்பத்தில் வாய்வழியாக வந்த செய்தி. நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் பழைய வீடுகளில் கூரைச் சரிவின் ஓரத்தில் மூடப்பட்ட வெற்றிடங்கள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கும் இதே கதை சொல்லப்படுகிறது. இரகசியமாக நடந்ததற்கு எழுத்துச் சான்று இராது என்பது உண்மை. சான்று இல்லாததே சான்றாகிவிடாது என்பதும் உண்மை. வழிகாட்டி இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் கண் விரியும். அப்போது பரணில் கிடைத்தவற்றையும் மறக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடைக்கலம் கொடுத்த கதையைக் கேட்பது எளிது. அடிமையாக வைத்திருந்த கதைக்குத்தான் இங்கே பொருள்சான்று இருக்கிறது.

அடுத்து, வேலையே நடந்துகொண்டிருப்பதால் எழும் ஒரு கேள்வி: எந்த ஆண்டின் வீடாக இதைத் திரும்பக் கொண்டுவருவது? 1720இன் சிறகு, 1800இன் நடு வீடு, 19ஆம் நூற்றாண்டில் வந்த மாற்றங்கள், 20ஆம் நூற்றாண்டில் கடைசித் தலைமுறை பொருத்திய மின்விளக்கும் குளியலறையும் எல்லாம் ஒரே வீட்டில் இருக்கின்றன. 1800ஐத் தேர்ந்தால் அதற்குப் பிறகு வந்தவற்றைக் கழற்றியெறிய வேண்டும். கழற்றிய இடத்தில் இருந்திருக்கக்கூடியதை ஊகித்துப் புதிதாகச் செய்ய வேண்டும். அமெரிக்க அரசின் பாதுகாப்பு நெறிமுறைகள் இதற்காகவே உள்ளதை உள்ளபடி காத்தல், புதுப் பயனுக்கேற்பத் திருத்துதல், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மீட்டல், அழிந்ததை மீண்டும் கட்டுதல் என்று வேலையை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. என்னைக் கேட்டால், ஒரே குடும்பம் இத்தனை தலைமுறை வாழ்ந்த வீட்டில் ஓர் ஆண்டைப் பிடித்து நிறுத்துவது அந்த வீட்டின் தனிச்சிறப்பையே அழிப்பதாகும். ஓர் அறை ஒரு காலத்தைக் காட்டட்டும், அடுத்த அறை வேறொன்றைக் காட்டட்டும். ஒரு சுவராவது பூசாமல் திறந்தபடி இருக்கட்டும். வேலை பார்ப்பவர்களிடம் எந்தச் சுவரைத் திறந்துவிடப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பொதுமக்கள் கேட்கும் கேள்விகள் அவர்கள் முடிவெடுக்கும் மேசைக்குப் போகும். முடிந்த வீட்டில் கேட்டால் அந்தக் கேள்வி மரியாதையான பதிலோடு நின்றுவிடும்.

ஊகத்தைக் குறைக்க இன்று நல்ல வழிகள் இருக்கின்றன. உத்திரத்தில் பென்சில் தடிமனுக்குத் துளையிட்டு எடுத்த மரத்துண்டின் ஆண்டு வளையங்களை எண்ணி, அப்பகுதியின் ஒப்பீட்டு வரிசையோடு பொருத்தினால், மரப்பட்டைக்கு அடுத்த கடைசி வளையம் எஞ்சியிருக்கும் இடத்தில், மரம் வெட்டப்பட்ட ஆண்டே தெரிந்துவிடும். சாயத்துக்கும் அப்படித்தான்: கதவோரத்திலிருந்து எடுத்த மிகச் சிறிய துணுக்கை நுண்ணோக்கியில் குறுக்காகப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய சாயங்களும் அவற்றுக்கு இடையே படிந்த அழுக்கும் கோடுகோடாகத் தெரியும். அழுகிய மரத்தை முழுவதும் மாற்றுவதில்லை. வீட்டின் அடித்தளத்தின்மேல் படுத்திருக்கும் அடிச்சட்டம்தான் பெரும்பாலும் முதலில் அழுகும். அதில் கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தைச் சாய்வாக வெட்டி ஒட்டுப்போடுவார்கள். பழைய கறுத்த மரமும் புதிய வெளிர்மரமும் சேரும் அந்த இடத்தைச் சாயம் பூசி மறைக்காமல் விடுவது நல்ல வேலைக்கு அடையாளம்.

இவ்வளவு ஆண்டுகள் ஏன் என்று வியக்கலாம். கட்டடம் நகரின் பூங்காத் துறையின் உடைமை. இதுபோன்ற 23 வீடுகளைக் கவனிக்க 1989இல் ஏற்பட்ட வரலாற்று இல்லங்கள் அறக்கட்டளையும், வீட்டுக்கென்று உள்ள தன்னார்வச் சங்கமும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. பொதுப் பணத்தில் நடக்கும் வேலைக்கு வரைபடமும் அனுமதியும் ஏலமும் தனித்தனிக் கட்டங்கள். நிதி தவணை தவணையாக வரும். கூரையும் வெளிச்சுவரும் முதலில், உள்ளே பிறகு என்ற வரிசை இந்த வேலையில் மாறாது. ஒழுகும் கூரைக்குக் கீழே சாந்து பூசுவது யாருக்கும் பயன்படாது.

பிள்ளைகளை அழைத்துப் போகலாம், ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். அமெரிக்க வீடுகளில் ஈயம் கலந்த சாயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். அதற்கு முந்திய எந்த வீட்டிலும், சாயம் உரிந்துநிற்கும் சன்னலோரத்தையும் கதவையும் தொட்டுவிட்டு விரலை வாயில் வைக்கக்கூடாது. வெளியே வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். தவழும் குழந்தையைத் தரையில் விடாதீர்கள். படிகள் செங்குத்தாகவும் வாயில்கள் தாழ்வாகவும் இருக்கும் என்பதால், மூட்டுவலி உள்ள பெரியவர்கள் கீழ்த்தளத்தோடும் தோட்டத்தோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. மாடியும் பரணும் அன்று திறந்திருக்குமா என்பது வேலையின் நிலையைப் பொறுத்தது, புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு கிழக்கு 36ஆம் தெருவில், ஃபில்மோர் அவென்யூவுக்கும் அவென்யூ எஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. சுரங்க ரயில் அவ்வளவு தூரம் வராது. ஏதாவது ஒரு நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

நேரம் இருந்தால் அதே நாளிலோ வேறொரு நாளிலோ, சில கிலோமீட்டர் தள்ளி கிளாரண்டன் சாலையில் இருக்கும் வைக்கோஃப் பண்ணை வீட்டையும் பார்த்துவிடுங்கள். 1652 வாக்கில் தொடங்கிய அந்த வீடு நியூயார்க் நகரில் எஞ்சியவற்றில் மிகப் பழையது. 1965இல் நகரத்தின் முதல் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பெயர் பெற்றது. 1982இல் மறுசீரமைப்பு முடிந்து அருங்காட்சியகமாக நடக்கிறது. லாட் வீட்டை முதலில் பார்த்துவிட்டு அங்கே போவதே என் பரிந்துரை. சுவருக்குள் என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டு போனால், அங்கே வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நிற்கும்போதும் கேட்பதற்கு உங்களிடம் கேள்விகள் இருக்கும்.